எச்சி-12 (HC-12) ரேடியோவைக் கணினியில் இணைப்பது: கேள்வி பதில்

கேள்வி: லேப்டாப்பிலிருந்து ரோபோ காரை ஓட்டணும் சார். எச்சி-12 மாட்யூல் இரண்டு இருக்கு. யூஎஸ்பியில் எப்படி மாட்டுவது?

பதில்: நடுவில் சிபி2102 யூஎஸ்பி-டிடிஎல் போர்டு (யூஎஸ்பியை மாட்யூலுக்குப் புரியும் சீரியல் சிக்னலாக மாற்றுவது) வையுங்கள். டிஎக்ஸை (அனுப்பும் கால்) ஆர்எக்ஸிலும் (வாங்கும் கால்), ஆர்எக்ஸை டிஎக்ஸிலும் மாற்றிக் கோர்க்க வேண்டும், கிரவுண்டு கிரவுண்டோடு. விசிசிக்கு (மாட்யூல் மின்சாரம் வாங்கும் கால்) 5 வோல்ட்டை ஒரு 1என்4007 டயோடு வழியாகக் கொடுங்கள், வெள்ளிக்கோடு மாட்யூல் பக்கம். 4.5 வோல்ட்டைத் தாண்டினால் இந்த டயோடு அவசியம்.

கேள்வி: என்னிடம் இருப்பது அதே வேலை செய்யும் எஃப்டி232 போர்டு. அதன் 3.3 வோல்ட்டில் கொடுத்தேன். தகவல் வருது, ஆனா அனுப்பப்போனா மாட்யூல் அணைந்துவிடுது.

பதில்: மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 3.3 வோல்ட் எஃப்டி232 சிப்புக்குள்ளிருந்தே வருகிறது. 50 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். எச்சி-12 முழுத் திறனில் அனுப்பும்போது 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். வோல்ட் சரிந்து ரீசெட் ஆகிறது. மேலே சொன்னபடி 5 வோல்ட்டிலிருந்து எடுங்கள். மாட்யூலின் விசிசி, கிரவுண்டு கால்களை ஒட்டியே ஒரு 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள்.

கேள்வி: மாட்யூலைச் சோதிக்க ‘ஏடி’ (AT) கட்டளை அடித்தால் பதிலே இல்லை.

பதில்: மாட்யூலின் செட் (SET) பின் கிரவுண்டில் இருந்தால்தான் கட்டளையைக் கேட்கும். பாட் ரேட்டை (சீரியல் வேகம்) மாற்றிவிட்டு மறந்திருந்தால், மின்சாரத்தை எடுத்து, செட்டை கிரவுண்டில் மாட்டி, பிறகு மின்சாரம் கொடுங்கள். 9600-இல் ‘ஓகே’ வரும். சேனலும் எஃப்யூ (FU) மோடும், அதாவது ரேடியோ அனுப்பும் முறையும், இரண்டு மாட்யூலிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: காரில் உள்ள ஆர்டுயினோ உனோ போர்டில் புரோகிராம் ஏறமாட்டேங்குது.

பதில்: 0, 1 பின்களை யூஎஸ்பியும் பயன்படுத்துகிறது. ரேடியோவை 10, 11-க்கு மாற்றி சாஃப்ட்வேர்சீரியல் (வேறு பின்களில் சீரியல் பேசவைக்கும் லைப்ரரி) போடுங்கள்.

கேள்வி: மோட்டார் சுத்தினா குப்பை எழுத்தா வருது. சிக்னல் போனா கார் நிக்காம ஓடுது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

பதில்: குப்பைக்குக் காரணம் மோட்டார் பிரஷ்ஷின் தீப்பொறி. ‘104’ அச்சிட்ட செராமிக் கெபாசிட்டரை மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே நேரடியாகப் பற்றவையுங்கள்.

இரண்டாவதுதான் ஆபத்து. கட்டளையை 4 பைட்டாக அனுப்புங்கள்: தொடக்க பைட், இடது வேகம், வலது வேகம், செக்சம் (கட்டளை கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்). நொடிக்கு 20 முறை அனுப்பினாலும் 80 பைட்தான். 9600-இல் நொடிக்கு 960 பைட் போகும், இடம் தாராளம். செக்சம் ஒத்துவராததை உனோ எறிந்துவிட வேண்டும். 300 மில்லி செகண்டுக்கு, அதாவது ஆறு கட்டளை நேரத்துக்கு, நல்ல கட்டளை வராவிட்டால் இரு மோட்டாரையும் அதுவே நிறுத்த வேண்டும். தரையில் விடுவதற்கு முன் காரைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுற்றும்போதே லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பியைப் பிடுங்கிப் பாருங்கள். சக்கரம் நிற்காவிட்டால் கீழே இறக்காதீர்கள்.