தெளிவான வானில் புயற்காற்று: தெவாந்தெபெக் வளைகுடாவைப் பற்றி

வணக்கம். பனாமாவிலிருந்து மெக்சிகோவின் மன்சனீயோ துறைமுகத்துக்கு ஜனவரியில் சென்றபோது, வழியில் மெக்சிகோவின் தென் பசிபிக் கரையிலுள்ள தெவாந்தெபெக் வளைகுடாவில், வானம் தெளிவாக இருந்தும் காற்றழுத்தமானி முன்னெச்சரிக்கை எதுவும் தராதிருந்தும் திடீரெனப் புயற்காற்று வீசியதாகவும், கேப்டன் கப்பலைக் கரையோரமாகச் செலுத்தியது உங்களை அச்சுறுத்தியதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது சரியே.

அந்தக் காற்றின் பிறப்பிடம் வெப்பமண்டலமே அன்று. வட அமெரிக்காவிலிருந்து குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த காற்றுத்திரள் மெக்சிகோ வளைகுடாவுக்குள் இறங்கும்போது, மலைத்தொடர் அதைத் தடுக்கிறது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமுள்ள தெவாந்தெபெக் நிலஇடுக்கில் (இரு கடல்களுக்கு இடைப்பட்ட குறுகிய நிலப்பகுதி) உள்ள சிவேலா கணவாய் மட்டுமே தாழ்வான வாயிலாக இருப்பதால், காற்று அதன் வழியே பீறிட்டுப் பசிபிக் கடலில் பாய்கிறது. வேகம் 34 நாட் (மணிக்கு 34 கடல் மைல்) அளவைத் தாண்டுவது வழக்கம். சில நாள்களில் 48 நாட் அளவையும் கடக்கும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இதற்கான பருவம்.

காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசுவதால், கரையருகே அலை வளரத் தேவையான நீர்ப்பரப்பு கிடைப்பதில்லை. தொலைவு கூடக்கூட அலை உயரும். கடலின் ஆழமும் கப்பலின் மிதப்பளவும் (நீருக்குள் அமிழும் ஆழம்) இடந்தந்தால் கரையை ஒட்டிச் செல்வதே நல்லது.

அடுத்த பயணத்தில் உங்கள் கப்பலின் அழுத்தமானியை மட்டும் நம்பாமல், மெக்சிகோ வளைகுடாவில் குளிர்முகப்பு (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) இறங்குகிறதா என்பதையும், அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் வெளியிடும் கடல் எச்சரிக்கைகளையும் புறப்படுமுன் தவறாமல் பாருங்கள்.