கேடயத்தைக் கடிக்கும் யானை

கேள்வி: இணையத்தில் செஸ் ஆடும் என் பேரன், ஆட்டம் தொடங்கும்போது ஏதோ பொத்தானை அழுத்திவிட்டு, "பெர்செர்க் போட்டுவிட்டேன் பாட்டி" என்கிறான். அகராதியில் 'கட்டுக்கடங்காத வெறி' என்று இருக்கிறது. செஸ்ஸுக்கும் வெறிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. தன் கடிகாரத்தில் பாதி நேரத்தை அவனே விட்டுக்கொடுத்துவிட்டு ஆடுகிறான். வென்றால் ஒரு புள்ளி கூடுதல். தோற்றுவிட்டுக் கத்தினால், அகராதிப் பொருள் அப்போது பொருந்தும்.

பெர்செர்க்கர்கள் பழைய நார்வே, ஐஸ்லாந்துக் கதைகளில் வரும் முரட்டு வீரர்கள். ஓடின் என்ற தெய்வத்தின் ஆட்கள் கவசமில்லாமல் போருக்குப் போனதையும், ஓநாய்போல வெறிகொண்டு தங்கள் கேடயத்தையே கடித்ததையும் 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்திருக்கிறார். 'செர்க்' என்றால் சட்டை. 'பெர்' என்பதில்தான் சண்டை: கரடியா, வெறுமையா? கவசமில்லாமல் போனவர்கள் என்பதால் 'வெற்றுடம்பர்' என்று சிலர் பொருள் கொண்டார்கள். என் ஓட்டு கரடித்தோலுக்கே. ஓநாய்த்தோல் போர்த்திய வீரர்களும் அதே கதைகளில் வருகிறார்களே! விஷக்காளான் தின்றதால் வந்த வெறி என்று 1784இல் ஒரு ஸ்வீடன்காரர் கிளப்பிவிட்டது இன்றும் சுற்றுகிறது. நான் நம்பவில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட், 1821இன் கடைசியில் வெளிவந்த நாவலில்.

செஸ்ஸோடு இதைவிடப் பழைய உறவும் உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட 12ஆம் நூற்றாண்டுக் காய்கள், பெரும்பாலும் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. அவற்றில் ஒரு பெர்செர்க்கரின் நகல், லண்டனிலிருந்து என் மருமகள் வாங்கிவந்தது, மேசைமேல் நிற்கிறது. கட்டைவிரல் உயரம்தான், விழி பிதுங்க, கேடயத்தின் மேல்விளிம்பைப் பல்வரிசை முழுவதும் தெரியக் கடித்துக்கொண்டிருக்கிறான். பலகையில் இவன் இடம் மூலை, நாம் யானை வைக்கும் கட்டம். மதம் பிடிக்கிற காயைத்தான் அங்கேயும் நிறுத்தியிருக்கிறார்கள்!

ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தில், பெர்செர்க் வெறி வந்து ஆடினால் மூன்று ஆண்டு நாடுகடத்தல். அருகில் இருந்தும் பிடித்து அடக்காதவர்களுக்கும் அதே தண்டனை. அந்தக் கணக்கில், பேரன் பொத்தானை அழுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்த உங்களுக்கும் மூன்று ஆண்டு.