படைவீரரின் பயோடேட்டா – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். ராணுவத்துக்கு உணவு, எரிபொருள் முதலியவற்றைக் கொண்டு சேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் 2000-ஆம் ஆண்டு டிரைவராகச் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 2024-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. ஓய்வூதியம் வருகிறது என்றாலும் பிள்ளைகளின் படிப்புக்கு அது போதாது. உடம்பில் தெம்பு இருக்கும்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவும் மனம் வரவில்லை.

கடந்த எட்டு மாதங்களில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்து நிறுவனங்கள் முப்பதுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். மூன்று இடங்களிலிருந்துதான் அழைத்தார்கள். மூன்றும் செக்யூரிட்டி வேலை. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் கற்றுக்கொண்டது வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கிறது. பட்டாளத்தில் வண்டி ஓட்டியதைத் தவிர எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லையோ என்றும் தோன்றுகிறது. பதினைந்து ஆண்டு சேவை முடித்தவருக்குப் பட்டப்படிப்புக்கு இணை என்று கொடுக்கும் சான்றிதழ் என்னிடம் உள்ளது. அதைப் பட்டம் என்று போட்டுக்கொள்ளலாமா? என் பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தையும் இரண்டு பக்க பயோடேட்டாவையும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நாம் முக்கால் மணி நேரம் பேசியதும் நல்லதாயிற்று, ஏனென்றால் அந்தப் பேச்சில் கேட்ட மனிதரை இந்தக் காகிதத்தில் நான் பார்க்கவில்லை. உங்களைப் போலவே பலர் எனக்கு எழுதியிருப்பதால் பதிலைப் பொதுவில் வைக்கிறேன். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த ஊர்களிலிருந்து வரும் பயோடேட்டாக்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. அந்த அச்சு உடைய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில், உங்கள் ஆங்கிலத்தில் நான் கவனித்த ஒன்று. பணி அனுபவம் என்ற தலைப்பின் கீழ் பதினொரு வாக்கியங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்பது, ‘வாஸ் போஸ்டட்’, ‘வாஸ் டீடெயில்டு’, ‘வாஸ் என்ட்ரஸ்டட்’ என்று முடிகின்றன. அனுப்பப்பட்டேன், பணிக்கப்பட்டேன், ஒப்படைக்கப்பட்டேன். பட்டாளத்தில் அப்படிப் பேசுவது இயல்பு, ஏனென்றால் அங்கே ஒருவர் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை ஆணைதான் முடிவு செய்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடந்த வேலையைச் செய்தது உங்கள் கையும் புத்தியும்தானே! அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. அனுப்பியவர்களைப் பற்றியே முழுப் பயோடேட்டாவும் பேசுகிறது.

தொலைபேசியில் நீங்கள் சொன்னதை நினைத்துப் பாருங்கள். லடாக்கில் இருந்தபோது, குளிர்காலத்தில் சோஜிலா கணவாயைப் பனி மூடி ஸ்ரீநகர்–லே சாலை அடைபடும் என்பதால், அந்த மாதங்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அத்தனையையும் கோடையிலேயே மேலே கொண்டு சேர்க்கும் ‘அட்வான்ஸ் வின்டர் ஸ்டாக்கிங்’ பணியில் நான்கு பருவங்கள் வண்டி வரிசைகளை நடத்தியதாகச் சொன்னீர்கள். ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில் முன்னால் போன ஸ்டாலியன் ராணுவ லாரி ஒன்று நின்றுவிட, பின்னால் வந்த வண்டிகள் அத்தனையும் தேங்கி நிற்க, நீங்கள் இறங்கிச் சரக்கை வேறு இரண்டு வண்டிகளுக்குப் பகிர்ந்து ஏற்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புது டிரைவரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டியதையும் சொன்னீர்கள். அந்த நான்கு பருவங்களிலும் உங்கள் பொறுப்பிலிருந்த எந்த வண்டியும் விபத்துக்குள்ளாகவில்லை என்பதை நான் குடைந்து கேட்ட பிறகுதான், அதுவும் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். பயோடேட்டாவில் உங்கள் உயரம், மார்பளவு, ரத்த வகை, ‘ஷேப்-1’ என்ற மருத்துவ வகை எல்லாம் இருக்கின்றன. இந்தச் செய்தி இல்லை.

ஒரு போக்குவரத்து நிறுவனம் தேடிக்கொண்டிருப்பது இந்தச் செய்தியைத்தான். இருபது லாரிகள் வைத்திருப்பவருக்கு அன்றாடம் இருக்கும் கவலைகள் என்ன? காலையில் எந்த வண்டி கிளம்பும், எது ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, எந்த டிரைவர் வரவில்லை, டீசல் கணக்கு சரியாக இருக்கிறதா, சரக்கு சேதமில்லாமல் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா. எம்.டி. என்.சி.ஓ.வாக, அதாவது வாகனப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த கடைசி மூன்று ஆண்டுகளில் விடிகாலை நான்கரை மணிக்கு எழுந்து நீங்கள் பார்த்தது இதே வேலையைத்தான். ஆனால் ‘எம்.டி. என்.சி.ஓ.’ என்ற ஐந்தெழுத்துக் குறிச்சொல்லை ஓசூரில் ஆளெடுப்புப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இருபத்தாறு வயதுப் பெண் எங்கே கேள்விப்பட்டிருப்பார்? கார் டைரி என்றால் அவருக்குத் தெரியாது. வாகன ஓட்டப் பதிவேடு என்றால் உடனே புரியும்.

இதில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் ஆளெடுப்புப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் விண்ணப்பத்தை வாயிற்காவல் கட்டில் சேர்த்துவிடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அப்படி நான் சேர்த்த ஒருவர் இரண்டு ஆண்டுகள் கேட்டில் நின்றார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, பட்டாளத்தில் ‘கோத்’ என்று சொல்லப்படும் ஆயுத அறையை ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டதாகவும், காலையும் மாலையும் ஒவ்வொரு துப்பாக்கியையும் எண்ணைப் பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும், ஒரு சின்ன உதிரிப் பாகம் குறைந்தாலும் விசாரணை வரும் என்றும் சொன்னார். எங்கள் ஸ்டோர்ஸில் இருப்புக்கும் பேரேட்டுக்கும் ஒத்துப்போகாமல் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். ‘கோத் என்.சி.ஓ., 5 ஆண்டு’ என்று ஒரே வரி இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. இரண்டு ஆண்டுகளை அவர் இழந்ததற்கு என் சோம்பலும் ஒரு காரணம். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே, பதவிப் பெயரை மொழிபெயர்ப்பதோடு நிறுத்திவிடாமல், செய்த வேலையை நீங்கள் போகிற இடத்தின் சொற்களில் எழுதுங்கள். உதாரணமாக: ‘இருபதுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களும் சுமார் முப்பது ஓட்டுநர்களும் கொண்ட பிரிவின் அன்றாட இயக்கம், பராமரிப்பு அட்டவணை, எரிபொருள் கணக்கு ஆகியவற்றை மூன்று ஆண்டுகள் நேரடியாகக் கவனித்தேன்.’ அடுத்தது: ‘11,000 அடிக்கு மேற்பட்ட மலைச்சாலைகளில் நான்கு பருவங்கள் சரக்கு வாகன வரிசைகளை நடத்தினேன். என் பொறுப்பிலிருந்த வாகனங்களில் விபத்து நேரவில்லை.’ மூன்றாவதாக, புது டிரைவர்களைப் பழக்கியதைச் சொன்னீர்களே, எத்தனை பேர், எத்தனை வாரம் என்பதோடு அதை எழுதுங்கள். இந்த மூன்றும் முதல் பக்கத்தின் மேல் பாதியில் வர வேண்டும். கடைசிப் பத்து ஆண்டுகளை விரிவாகவும், முதல் பதினான்கு ஆண்டுகளை மூன்று நான்கு வரிகளிலும் எழுதினால் போதும். போன ஊர்களையெல்லாம் வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

‘நான்’ என்று எழுதக் கூசுகிறது, எல்லாம் கம்பெனி சேர்ந்து செய்தது என்றீர்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். உங்கள் கம்பெனி கமாண்டரின் முடிவை உங்களுடையதாக எழுதச் சொல்லவில்லை. எந்த வண்டி போக வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தால் அது அவருடையது. அந்த வண்டியைக் காலையில் சங்கிலி, கூலன்ட், பிரேக் பார்த்து ஓடும் நிலையில் நிறுத்தியது உங்களுடையது. அந்தப் பங்கை அளந்து சொல்வது தற்பெருமை ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூனிட்டின் எண், அது நிறுத்தப்பட்டிருந்த துல்லியமான இடம், வாகனங்களின் சரியான எண்ணிக்கை, பயண வழிகளும் தேதிகளும், ஆயுதம் பற்றிய விவரம் எதுவும் பயோடேட்டாவில் வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் சீருடையைக் கழற்றியதும் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. மேலும், வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றும் பயோடேட்டா யார் கைக்குப் போகிறது என்பதை நாம் அறிய முடியாது. அதனால்தான் மேலே உள்ள உதாரணங்களை ‘இருபதுக்கு மேற்பட்ட’, ‘சுமார்’ என்று எழுதினேன். அதே காரணத்துக்காகப் படை எண்ணையும் ஆதார் எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

ஹவில்தார் என்ற பதவியை மறைக்க வேண்டாம். அது நீங்கள் ஈட்டியது. ‘வாகனப் பிரிவு மேற்பார்வையாளர் (ஹவில்தார், இந்திய ராணுவம்)’ என்று வேலையை முன்னாலும் பதவியைப் பின்னாலும் போடுங்கள். மேலாளர் என்று ஏற்றி எழுதாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்விக்கே அது இறங்கிவிடும். பதக்கங்களை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். நீண்ட சேவைப் பதக்கமும் உயர்மலைப் பதக்கமும் உங்களுக்கு எவ்வளவு அருமையானவை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அவற்றுக்கு ஒரு வரி போதும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நன்னடத்தைக்கு ‘எக்ஸம்ப்ளரி’ என்று இருப்பதை மட்டும் தனியாகக் குறிப்பிடுங்கள். அது பட்டாளம் தரும் மிக உயர்ந்த மதிப்பீடு என்று ஒரு சொல்லும் சேர்த்து எழுதுங்கள்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டீர்கள். பத்தாம் வகுப்பு முடித்து, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் படையில் பணியாற்றியவர், பட்டப்படிப்பைக் கல்வித் தகுதியாகக் கேட்கும் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையவர் ஆகிறார். அந்தச் சான்றிதழின் பயன் அரசுப் பணிக்கானது. தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் பயோடேட்டாவில் ‘பட்டதாரி’ என்று எழுதினால் கல்வி சரிபார்ப்பில் அது பொய்யாகத் தெரியும், உண்மையான மற்ற வரிகளையும் அது கெடுத்துவிடும். பிளஸ் டூ என்றே எழுதுங்கள். ராணுவத்தில் முடித்த வாகனப் பயிற்சிகளை அதன் கீழே வாரக் கணக்கோடு போடுங்கள். சிவில் கனரக வாகன உரிமத்தை அது செல்லுபடியாகும் தேதியோடு குறிப்பிடுங்கள்.

நான் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்திய வண்டிகளின் எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தது. அந்த வண்டிகளுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் கிடையாது, பர்மிட் கிடையாது, சுங்கச்சாவடியில் கட்டணம் கிடையாது. பட்டாளம் வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தது, கிலோமீட்டருக்கு என்ன வருமானம் என்று பார்க்கவில்லை. வெளியே லாரித் தொழில் முழுவதும் அந்த இரண்டாவது கணக்கில்தான் ஓடுகிறது. எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சான்று, பர்மிட், காப்பீடு, ஃபாஸ்டேக், சரக்கு அனுப்ப எடுக்க வேண்டிய, 2018-இல் வந்த ஈ-வே பில், வாடகை கணக்கிடும் முறை, இவற்றை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். உறவினர் ஒருவர் ராணிப்பேட்டையில் பார்சல் சர்வீஸ் நடத்துவதாகச் சொன்னீர்கள். ஒரு மாதம் அங்கே போய் உட்காருங்கள். எக்செல்லில் டீசல் கணக்கு போடப் பழகுங்கள். பழகிய பிறகு, ‘ஈ-வே பில், வாகன ஆவணப் புதுப்பிப்பு ஆகியவற்றில் ஒரு மாத நேரடிப் பயிற்சி’ என்று நேர்மையாக ஒரு வரி சேருங்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைவிட அந்த ஒரு மாதம் உங்களுக்கு அதிகம் உதவும்.

ஓய்வூதியத் தொகையைப் பயோடேட்டாவில் எழுதியிருக்கிறீர்கள். இன்றே நீக்குங்கள். அதைப் பார்த்தவர், ‘இவருக்குத்தான் மாதா மாதம் பணம் வருகிறதே, குறைவாகக் கொடுத்தால் போதும்’ என்று நினைப்பார். நேர்காணலில் கேட்டாலும், அது முடிந்துபோன 24 ஆண்டுகளுக்கான ஊதியம், இனிச் செய்யப்போகும் வேலைக்கானது அன்று என்று பணிவாகச் சொல்லுங்கள். இது என் உறுதியான கருத்து.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருக்கிறீர்கள், நல்லது. 1986-இல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவும் முன்னாள் வீரர்கள் ஏராளமானோருக்கு வேலை கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் பாதுகாப்புப் பணிதான் என்றாலும், அவசரமான குடும்பத்துக்கு அது கைகொடுத்திருக்கிறது. நீங்கள் அதைக் குறைவாக நினைக்கவில்லை என்று எழுதியது எனக்குப் பிடித்தது. ஆனால் உங்களுக்கு இன்னும் பதினைந்து ஆண்டு உழைப்பு மிச்சமிருக்கிறது, அதை எடுத்த எடுப்பில் கேட்டில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

டிரைவர் அல்லாத காலாட்படை நண்பர்கள், ‘எங்களுக்கு என்ன தொழில் தெரியும்?’ என்று கேட்கக்கூடும். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்தியவர், ரேஷன் பேரேடு பார்த்தவர், ஆயுத அறையைக் காத்தவர், எல்லோரிடமும் எழுத வேண்டிய வேலை இருக்கிறது. மேலே சொன்ன கோத் பொறுப்பாளர் காலாட்படைக்காரர்தான். சிக்னல்ஸ், இ.எம்.இ., மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற தொழில்நுட்பப் பிரிவினருக்கு வெளியிலும் ஏறக்குறைய அதே பெயர்களில் வேலைகள் இருப்பதால் சிரமம் குறைவு.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் மனைவியோடு ஒரு மாலை உட்காருங்கள். எந்த வருடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், அங்கிருந்து ஃபோனில் என்ன வேலையைப் பற்றிச் சொன்னீர்கள் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாக நினைவிருக்கும். ஒவ்வொரு வருடத்துக்கும் எத்தனை வண்டி, எத்தனை பேர், எவ்வளவு தூரம், என்ன கெட்டது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றுவதை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாள்களோடு வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள், சோஜிலாவில் நின்ற அந்த ஸ்டாலியனிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்.