வேர்டுபிரஸ் கடைத் தளம் மெதுவாகிறது: ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து விபிஎஸ்ஸுக்கு மாறலாமா?

வேர்டுபிரஸின் கடை பிளகினான வூகாமர்ஸில் சின்னக் கடை, சாயங்காலமானால் தளம் திணறுகிறது, ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து (பலருடைய தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்வது) விபிஎஸ்ஸுக்கு (சர்வரில் உங்களுக்கென்று ஒதுக்கிய தனிப் பங்கு) மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் சர்வரில், கணக்குக்குக் கணக்கு வரம்பு வைக்கும் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடினால், சிபியு, மெமரி, என்ட்ரி பிராசஸ் ஆகியவற்றுக்கு உங்கள் கணக்கில் என்ன வரம்பு, அதை எத்தனை முறை தொட்டீர்கள் என்பது அங்கே இருக்கும். 'அன்லிமிடெட்' பிளானுக்கும் இந்த வரம்பு உண்டு.

என்ட்ரி பிராசஸ் 20 என்றால் 20 பார்வையாளர்கள் என்று அர்த்தமில்லை. ஒரே சமயத்தில் 20 பிஎச்பி கோரிக்கைகள் (பக்கத்தை உருவாக்கும் வேலைகள்) உள்ளே இருக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் அரை நொடியில் முடிந்தால் நொடிக்கு 40 கோரிக்கை தாங்கும். ஏதோ ஒரு பிளகின் 4 நொடி இழுத்தடித்தால் நொடிக்கு 5தான். அதற்கு மேல் வருபவருக்கு 508 பிழைப் பக்கம். இழுத்தடிக்கும் பிளகினை அப்படியே தூக்கிக்கொண்டு விபிஎஸ்ஸுக்குப் போனால் அங்கேயும் அது இழுக்கத்தான் செய்யும்.

வெறும் வலைப்பூவாக இருந்தால் கேஷ் பிளகின் (உருவாக்கிய பக்கத்தின் நகலைச் சேமித்து எல்லோருக்கும் தருவது) போட்டுக்கொண்டு ஷேர்டிலேயே இருங்கள் என்பேன். கடை அப்படியல்ல. கார்ட், செக்அவுட் பக்கங்களைக் கேஷ் செய்ய முடியாது. ஆளுக்கு ஆள் புதிதாக உருவாக்கித்தான் ஆக வேண்டும். இழுத்தடிக்கும் பிளகின்களைக் களைந்த பிறகும் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தில் வரம்பு முட்டுகிறது என்றால் தாராளமாக மாறுங்கள்.

ஆனால் விபிஎஸ்ஸில் ரூட் அனுமதியோடு (சர்வரின் முழு அதிகாரம்) வேலையும் உங்கள் தலையில்தான். புது சர்வர் திறந்த சில மணி நேரத்திலேயே auth.log என்கிற லாக் ஃபைலில் 'ரூட்', 'அட்மின்' பெயர்களில் உள்ளே நுழைய முயன்ற வரிகள் குவிந்திருக்கும். எஸ்எஸ்எச் கீ (சர்வருக்குள் நுழையப் பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்), ஃபயர்வால், அப்டேட், பேக்கப் எல்லாம் நீங்களே பார்க்க வேண்டும். இயங்குதளத்தின் ஆதரவு எப்போது முடிகிறது என்பதும் உங்கள் கவலைதான்: சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 2029 வரை நம்பி சர்வர் அமைத்தவர்களுக்கு, ஆதரவு 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது. இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லையென்றால் மேனேஜ்டு விபிஎஸ் (பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்வது) எடுங்கள். கூடுதல் பணம்தான், ஆனால் ராத்திரி கடை விழுந்தால் எழுப்ப ஒருவர் இருப்பார்.

1 ஜிபி ரேம் வேண்டாம், 2 ஜிபியாவது எடுங்கள். மெமரி தீர்ந்தால் லினக்ஸ் பெரும்பாலும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லைத்தான் கொல்லும். வாடிக்கையாளருக்கு டேட்டாபேஸ் பிழை வரும். வாங்கியதும், சர்வரின் சுமையைக் காட்டும் 'டாப்' கட்டளையில் st என்ற எண்ணையும் பாருங்கள். உங்கள் சிபியு நேரம் அதே இயந்திரத்தின் மற்ற விபிஎஸ்களுக்குப் போவதை அது காட்டும். தொடர்ந்து இரட்டை இலக்கத்தில் நின்றால் அந்த இடம் வேண்டாம். அப்புறம், பல நிறுவனங்கள் விபிஎஸ்ஸில் மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. ஆர்டர் மெயில் போக தனி மெயில் சேவை தேவைப்படும்.

மாறும் நாளுக்கு முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (உங்கள் தளத்தின் சர்வர் முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். டேட்டாபேஸை நகலெடுக்கும் நேரத்தில் கடையை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் சில ஆர்டர்கள் பழைய சர்வரிலேயே விழுந்துவிடும். பழைய கணக்கையும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். உங்கள் டொமைன் பெயரில் சிபேனலில் மெயில் பெட்டிகள் வைத்திருந்தால், பழைய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.