வீட்டில் பாக்ஸிங் பயிற்சி இடம்: கேள்வி பதில்

பலரும் முதலில் குத்திப் பழகத் தொங்கவிடும் பேக் வாங்கிவிட்டு, அப்புறம்தான் அதை எங்கே மாட்டுவது என்று கேட்கிறார்கள். வரிசை அப்படி இல்லை. முதலில் கால் நகர இடம், அடுத்து தாங்கும் கூரை, அடுத்து கைக்குப் பாதுகாப்பு, கடைசியில்தான் பேக். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையை வைத்தே எழுதியவை.

கேள்வி (திருவொற்றியூர்): மாஸ்டர், 10-க்கு 10 அறை ஒன்று காலியாக இருக்கிறது. போதுமா?

போதும், ஆனால் அந்த அறையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. கட்டில், பீரோ, ஜிம் பெஞ்ச் எல்லாம் வெளியே. பேக்கின் நடுவில் இருந்து நாலு பக்கமும் 5 அடி இருந்தால்தான் அதைச் சுற்றி வரலாம். ஒரு பக்கம் சுவரை ஒட்டி மாட்டினால் நேராக நின்று குத்தத்தான் பழகுவீர்கள், கால் நகர்வு செத்துவிடும். போட்டி ரிங் கயிற்றுக்குள் 6.1 மீட்டர், அதாவது 20 அடி சதுரம். உங்கள் அறை அதில் கால் பங்கு. அந்தக் கால் பங்கையும் சாமான் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

சீலிங் ஃபேன் நடுவில் இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு வால் ஃபேன் போடுங்கள். சங்கிலியும் ஃபேன் இறக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஆபத்து.

அதே நண்பர்: ஃபேனைக் கழற்றினால் அந்தக் கொக்கியிலேயே பேக்கை மாட்டிவிடலாமா? கம்பி நல்ல கனமாகத்தான் இருக்கிறது.

வேண்டாம் தம்பி. ஃபேன் சுமார் 4 கிலோ, நேராகக் கீழே இழுத்துக்கொண்டு சும்மா தொங்கும். 30 கிலோ பேக் ஒவ்வொரு குத்துக்கும் பக்கவாட்டில் வெட்டி இழுக்கும். ஆடித் திரும்பும்போது அதன் எடையைவிடப் பல மடங்கு விசை கொக்கியில் ஏறும். கான்கிரீட் போட்ட அன்று அந்தக் கொக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்களா, சும்மா செருகிவிட்டார்களா என்பது கீழே இருந்து பார்த்தால் தெரியாது. போதாக்குறைக்கு, சங்கிலி உரசி உரசிக் கொக்கியைத் தேய்க்கும்.

நாலு துளை உள்ள சீலிங் பிளேட் வாங்குங்கள். அதை எம்10 ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து கான்கிரீட்டைப் பிடிக்கும் போல்ட்) நாலு வைத்துக் கூரையில் பூட்ட வேண்டும். செய்முறை இது:

முதலில் இடம். ஃபேன் பெட்டியில் இருந்து சுவிட்ச் போர்டு பக்கமாகக் கூரைக்குள் ஒயர் பைப் ஓடும். அந்தக் கோட்டில் துளை போடாதீர்கள். மேலே மொட்டை மாடி என்றால், மழைக் காலத்தில் ஈரம் கசியும் இடத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும்.

அடுத்து துளை. சாதாரண டிரில்லால் கான்கிரீட்டில் வேலை நடக்காது, இடித்துக்கொண்டே துளைக்கும் ரோட்டரி ஹாமர் வேண்டும். எந்த அளவு பிட் என்று போல்ட் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதே அளவுதான். "ஒரு சைஸ் பெரிசு போடுவோம், ஈஸியா உள்ளே போகும்" என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பெரிய துளையில் போல்ட் விரிந்தாலும் பிடிக்காது. வீட்டு ஸ்லாப் பெரும்பாலும் நாலரை, ஐந்து அங்குலம்தான் இருக்கும், அதனால் ஆழம் 3 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றிக்கொண்டால் கை தவறாது. கம்பியில் பிட் இடித்தால் சத்தமே மாறும், மேலே ஏறாது. உடனே நிறுத்தி இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். கம்பியை அறுத்துக்கொண்டு போகக் கூடாது.

பிறகு தூசி. பெரும்பாலான ஆங்கர் கழன்று வருவது இதனால்தான். துளைக்குள் சிமென்ட் மாவு இருந்தால் போல்ட் கான்கிரீட்டைப் பிடிக்காமல் மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிரஷ் விட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதி, மறுபடி தேய்த்து ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் முகத்தில்தான் கொட்டும்.

நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். பிளேட்டுக்கும் சங்கிலிக்கும் நடுவில் பேக் ஸ்பிரிங் ஒன்றும் ஸ்விவல் ஒன்றும் போடுங்கள். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், ஸ்விவல் சங்கிலி முறுக்காமல் பார்த்துக்கொள்ளும். பேக்கைத் தொங்கவிட்ட ஒரு வாரம் கழித்து நட்டை ஒருமுறை முடுக்குங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை. பிளேட்டைச் சுற்றி முடி போல விரிசல் கண்டால் அன்றே இறக்கிவிடுங்கள்.

பால்கனியிலும் சன்ஷேடிலும் மட்டும் யார் சொன்னாலும் மாட்டாதீர்கள். அவை ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்பவை. முனையில் தொங்கி ஆடும் எடைக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

கேள்வி (மயிலாப்பூர்): சார், எங்களுடையது தாத்தா காலத்து வீடு. கூரையில் மர உத்தரம் வரிசையாகத் தெரியும். உத்தரத்தில் கயிறு கட்டிக்கொள்ளலாமா?

அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள். உத்தரம் 30 கிலோவைத் தாங்கலாம், பிரச்சினை அது இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான அதிர்வு போனால் சுண்ணாம்பு உதிரும், செங்கல் தளரும், அடுத்த ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும். அந்தக் கூரையை இப்போது பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுவதே பெரிய வேலை. ஸ்டாண்டு வாங்குங்கள், இல்லையென்றால் முற்றத்தில் தனியாக இரும்புச் சட்டம் போடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, வாடகை ஃபிளாட், இரண்டாவது மாடி. டிரில் போட ஓனர் விட மாட்டார். கீழ் வீட்டுக்காரரும் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார்.

கூரையில் மாட்டினால் மேல் வீட்டுக்குக் கேட்கும், தரையில் நிறுத்தினால் கீழ் வீட்டுக்குக் கேட்கும். முழுதாக மறைக்க முடியாது, குறைக்கலாம். அடியில் உருண்டையாகத் தண்ணீர் நிரப்பும் ஃப்ரீ ஸ்டாண்டிங் பேக் என்றால் தண்ணீருக்குப் பதில் உலர்ந்த மணல் நிரப்புங்கள். அதே இடத்தில் சுமார் ஒன்றரை மடங்கு எடை நிற்கும், பேக் நகர்ந்து இடிக்கும் சத்தம் குறையும். அதன் அடியில் ரப்பர் மேட் இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு 18 மி.மீ. பிளைவுட். ஸ்கிப்பிங்கை மட்டும் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கீழ் வீட்டுக்காரரை எழுப்புவது பேக்கைவிடக் குதிக்கும் கால்தான்.

கேள்வி (திருப்பூர்): காலி பேக் வாங்கினேன் மாஸ்டர். மணல் கொட்டி நிரப்பலாம் என்கிறார்கள்.

மணலை நேராகக் கொட்டினால் இரண்டு வாரத்தில் எல்லாம் அடியில் போய்க் கல்லாக உட்காரும். மேலே பொதபொத, கீழே பாறை. உடம்புக் குத்து விடும்போது அந்தப் பாறையில்தான் மணிக்கட்டு மடங்கும். மரத்தூளும் தேங்காய் நாரும் ஈரத்தை இழுத்து நாற்றம் பிடிக்கும்.

நீங்கள் இருக்கும் ஊரில் கிடைப்பதுதான் இதற்கு மிகச் சிறந்த பொருள்: பனியன் வேஸ்ட். கிலோ கணக்கில் வாங்கலாம். 4 அடி பேக்குக்கு 25 முதல் 30 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப், பட்டன், தடித்த தையல் இருந்தால் வெட்டி எறியுங்கள். பெரிய துண்டுகளை உள்ளங்கை அளவுக்குக் கிழியுங்கள். அரை அடி நிரப்பியதும் உருட்டுக்கட்டையால் சுற்றிலும் குத்தி இறுக்குங்கள், நடுவில் மட்டும் குத்தினால் ஓரம் தொய்யும். அடிப்பக்கத்தைக் கொஞ்சம் இளக்கமாகவும், நெஞ்சு உயரத்தில் நன்றாக இறுக்கியும் நிரப்புங்கள். துணியே காலப்போக்கில் கீழே இறங்கி அடியை இறுக்கிக்கொள்ளும்.

எடை போதவில்லை என்றால் மட்டும் மணல். அரை கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டி, டேப் சுற்றி, பேக்கின் நட்டநடுவில் துணிக்குள் புதையுங்கள். எந்தப் பக்கம் குத்தினாலும் பொட்டலத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் துணியாவது இருக்க வேண்டும். ஒரு வாரம் தொங்கவிட்டால் மேலே நாலைந்து அங்குலம் இறங்கும், அதை மறுபடி நிரப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, தரையில் படுக்கவைத்து உருட்டி, அடியில் இறுகியதைக் கையால் கிண்டித் தளர்த்துங்கள்.

கேள்வி (நீலாங்கரை): மொட்டை மாடியில் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

உப்புக் காற்று சங்கிலியைத் தின்னும். எஸ்.எஸ். 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சங்கிலி, இல்லையென்றால் கால்வனைஸ் செய்தது. வளையத்துக்கு வளையம் தொடும் உள்பக்கத்தைப் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் தொடங்கும். கால் பங்கு தேய்ந்தாலே மாற்றிவிடுங்கள். ஷீட்டைத் தாங்கும் டிரஸ் பைப்பில் பேக்கை மாட்ட வேண்டாம், அது காற்றுக்கும் ஷீட்டுக்கும் கணக்குப் போட்டது. தனிச் சட்டம் நிறுத்துங்கள். தோல் பேக் வேண்டாம், ரெக்சினே போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார்ப்பாய் உறை போட்டாலும் உள்ளே ஈரம் ஏறும். ஈரமான பனியன் துணி கூடுதல் எடையாகிச் சட்டத்தை இழுக்கும், அதனால் அந்த மூன்று மாதம் வீட்டுக்குள் கொண்டுபோவதே நல்லது.

கேள்வி (மதுரை): அண்ணா, நான் 52 கிலோ. கடையில் 45 கிலோ பேக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். எனக்கு எது சரி?

உடல் எடையில் பாதி என்பது பழைய கணக்கு, இன்றும் நல்ல கணக்கு. உங்களுக்கு 25 முதல் 30 கிலோ. 45 கிலோ பேக் உங்கள் குத்துக்கு அசையாது. அசையாத பேக்கில் அடித்தால் அதிர்வு முழுக்கத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் திரும்பி வரும். பேக் ஆடினால்தான் தூரம் கணிக்கவும், அது திரும்பி வரும்போது விலகவும் பழக முடியும். மேரி கோம் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது 51 கிலோ பிரிவில், கிட்டத்தட்ட உங்கள் எடைதான்மா. இந்த எடையில் வேகமும் காலும்தான் சொத்து.

கிளவுஸ் 12 அவுன்ஸ் எடுங்கள். ஓர் அவுன்ஸ் 28 கிராம், ஆக ஒரு கைக்கு ஏறக்குறைய 340 கிராம். பேண்டேஜ் (கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப்பட்டி) கட்டிய கையோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள், வெறுங்கைக்குச் சரியாக இருப்பது பேண்டேஜோடு இறுக்கும்.

கேள்வி (கோவை): சார், கிளவுஸ் போட்டும் சுண்டுவிரல் பக்க முட்டி வலிக்கிறது. ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து) போடும்போது அதிகம்.

குத்து தப்பான முட்டியில் விழுகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் தாங்கும். அவற்றின் எலும்பு முன்கையோடு நேர்க்கோட்டில் வருகிறது. சுண்டுவிரல் பக்க எலும்பு மெல்லியது, கழுத்துப் பகுதியில் ஒடியும். டாக்டர்கள் அதற்கு 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வீங்கி, அந்த முட்டி மட்டும் உள்ளே அமுங்கியது போல் தெரிந்தால் எக்ஸ்ரே எடுங்கள். வெறும் வலி என்றால் இரண்டு வாரம் பேக்கைத் தொடாமல் காற்றில் குத்தும் ஷேடோ மட்டும் போடுங்கள்.

பேண்டேஜ் 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் எடுங்கள். 120 அங்குலம் பெரியவர் கைக்குப் பத்தாது. விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொள்ளுங்கள், சேர்த்து வைத்துக் கட்டினால் குத்து பிடிக்கும்போது இரத்தம் ஓடாது. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து மூன்று சுற்று. அங்கிருந்து முட்டிக்கு மூன்று சுற்று. பிறகு மணிக்கட்டில் இருந்து ஏறி, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே புகுந்து திரும்ப மணிக்கட்டுக்கு. இதே மாதிரி மற்ற இரண்டு இடைவெளியிலும். கட்டைவிரலுக்கு ஒரு சுற்று, முட்டிக்கு மறுபடி இரண்டு, மீதி எல்லாம் மணிக்கட்டில். கட்டி முடித்ததும் விரலை விரித்தால் இளக்கமாகவும், குத்து பிடித்தால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): தரைக்கு அந்தத் துண்டு துண்டாகக் கோக்கும் பஸில் மேட் போடலாமா?

20 மி.மீ. மெத்து மேட்டில் கால் புதையும். கிராஸ் (பின்கையால் விடும் நேர்க்குத்து) போடும்போது பின்கால் குதிகால் திரும்ப வேண்டும். பாதம் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழங்காலுக்குப் போகும். 8 முதல் 10 மி.மீ. கெட்டி ரப்பர் போடுங்கள். வெறும் டைல்ஸ் வேர்வைக்கு வழுக்கும், ஒரு துண்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ரவுண்டுக்கு ஒருமுறை துடைக்கலாம் என்பது நடக்காத காரியம்.

கேள்வி (தூத்துக்குடி): வாத்தியாரே, ஹெட்கார்டு வாங்கிவிட்டோம். மச்சானும் நானும் மாடியிலேயே ஸ்பாரிங் (ஒருவரோடு ஒருவர் பயிற்சிச் சண்டை) போடலாமா?

வேண்டாம். ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காப்பாற்றும், தலைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2016 ரியோவில் ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமலேயே ஆடினார்கள். ரிங்கில் கயிறு இருக்கிறது, தடுக்கி விழுந்தால் மெத்தென்ற தரை இருக்கிறது, நிறுத்த ரெஃபரி இருக்கிறார். மாடியில் கைப்பிடிச் சுவரும் சிமென்ட் தரையும்தான். பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் போய் ஆடுங்கள். வீட்டில் ஒருவர் கையில் மெத்தைப் பேட் பிடிக்க, ஒருவர் அடிக்கலாம்.

அதே நண்பர்: அப்போ பணம் மிச்சம். ஸ்பீடு பால் (பலகைக்கு அடியில் தொங்கவிட்டுத் தாளமாகத் தட்டும் சிறு பந்து) வாங்கலாமா?

அதற்கு முன்னால் பத்து அடி நூல்கயிறு வாங்குங்கள். தோள் உயரத்தில் இரண்டு சுவருக்கும் குறுக்கே கட்டி, முகத்தைக் காக்கும் கையை (கார்டு) இறக்காமல் கயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து குனிந்து முன்னே போங்கள், பின்னே வாருங்கள். முழங்காலை மடக்க வேண்டும், இடுப்பை வளைத்துத் தரையைப் பார்க்கக் கூடாது. 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு, போட்டியில் இருப்பது போல. முதல் மாதம் 2 நிமிடம் போதும். அடுத்து டபுள் எண்ட் பேக் (மேலும் கீழும் இழுகயிற்றில் கட்டிய சிறு பந்து), மோவாய் உயரத்தில். ஸ்பீடு பாலுக்கு ஆடாத பலகை வேண்டும், 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டிச் சுவரில் பூட்டினாலொழிய பந்து தாளம் தப்பும்.

கேள்வி (தாம்பரம்): கிளவுஸ் நாற்றம் தாங்கவில்லை. வெயிலில் காயவைக்கிறேன், தோல் வெடிக்கிறது.

நிழலில், ஃபேன் காற்றில், வாயைத் திறந்து வைத்துக் காயவையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். ஜிப் போட்ட பைக்குள் ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் எந்தப் பவுடரும் உதவாது. பேண்டேஜை தினமும் துவையுங்கள். வெல்க்ரோவை மூடி, தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு மெஷினில் போட்டால் சிக்காது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் ஈரமானதைக் கட்ட வேண்டியிருக்காது.