வாசகர் கேள்வி: பங்குச் சந்தைகளின் உலகக் கூட்டமைப்பு என்ன செய்கிறது?

கேள்வி: பங்குச் சந்தைகளுக்கென்று உலகக் கூட்டமைப்பு ஒன்று இருப்பதாகப் படித்தேன். ஒரு சந்தையில் முறைகேடு நடந்தால் அதனிடம் புகார் அளிக்கலாமா? முடியாது என்றால், அது எதற்காக இருக்கிறது?

பதில்: அளித்துப் பயனில்லை. முறைகேட்டை விசாரித்துத் தண்டிப்பது அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை. அந்த ஆணையங்களின் சர்வதேச அமைப்பான ஐயாஸ்கோ, மாட்ரிட் நகரிலிருந்து இயங்குகிறது. நீங்கள் குறிப்பிடும் கூட்டமைப்போ, சந்தைகளை நடத்தும் நிறுவனங்கள் 1961-இல் தமக்காகத் தொடங்கிய தொழில் சங்கம். பங்குச் சந்தைகளோடு, வர்த்தகங்களைத் தீர்த்துவைக்கும் தீர்வு நிறுவனங்களும் அதில் உறுப்பினர்களாக உள்ளன.

அதன் பணிகளில் நான் பெரிதும் மதிப்பது புள்ளிவிவரத் தொகுப்பைத்தான். ஒருவர் 100 பங்குகளை விற்று, மற்றொருவர் அவற்றை வாங்கினால், கைமாறியவை 100 பங்குகளே. விற்றதையும் வாங்கியதையும் தனித்தனியாகக் கூட்டும் சந்தை அதை 200 என்று காட்டிவிடலாம். அதேபோல, ஒரே நிறுவனம் இரண்டு நாடுகளில் பட்டியலிடப்பட்டிருக்கும்போது அதன் முழு மதிப்பையும் இரு சந்தைகளும் தம் கணக்கில் சேர்த்தால், உலகச் சந்தை மதிப்பு வீங்கிவிடும். ஆகவே வர்த்தகத்தை ஒரு பக்கம் மட்டும் எண்ணுவது, உள்நாட்டுச் சந்தை மதிப்பில் வேறு சந்தையிலும் பட்டியலிடப்பட்டுள்ள வெளிநாட்டு நிறுவனங்களையும் முதலீட்டு நிதிகளையும் சேர்க்காமல் விடுவது, வாங்கும், விற்கும் ஆணைகளைக் கணினியே பொருத்தும் மின்னணு ஆணைப் புத்தகத்தின் வழி நடந்த வர்த்தகத்தையும் இரு தரப்பும் பேசி முடித்த வர்த்தகத்தையும் பிரித்துக் காட்டுவது என்று பொது வரையறைகளை அது வைத்திருக்கிறது. நாடுகளின் சந்தை மதிப்பை வெளியிடும் உலக வங்கியும் இந்தத் தரவையே எடுத்தாள்கிறது.

அடுத்தது, உறுப்பினர்களுக்காகக் குரல் கொடுப்பது. பங்குகளின் விலையைப் பின்பற்றும் மின்னணு வில்லைகளான 'டோக்கன்' பங்குகள் முதலீட்டாளருக்கு உண்மையான பங்குரிமையைத் தருவதில்லை என்றும், அவற்றின்மீது கடும் நடவடிக்கை தேவை என்றும் 2025 ஆகஸ்டில் அது ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் கடிதம் எழுதியது. வாதத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் அந்த டோக்கன்கள் பரவினால் வர்த்தகத்தை இழக்கப்போவதும் இந்தச் சந்தைகளே என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால், உறுப்பினராக இருக்கும் சந்தையை நம்பி முதலீடு செய்யலாமா?

பதில்: உறுப்பினராவதற்குத் தகுதி வரையறைகள் உண்டு என்பதால், அதை அந்தச் சந்தையின் அமைப்பு குறித்த ஒரு நற்சான்றாகக் கொள்ளலாம். அங்கே பட்டியலிடப்பட்டுள்ள நிறுவனங்களின் தரத்துக்கோ உங்கள் பணத்துக்கோ கூட்டமைப்பு பொறுப்பேற்பதில்லை.