கீழக்கரை தம்பிக்கு ஒரு பதில்: 17 அங்குலம் வேண்டாம், தேதி பார்க்காமல் டயரும் வேண்டாம்

கேள்வி: அண்ணே, நான் கீழக்கரை. ஹூண்டாய் ஐ20 என்-லைன் கார் வைத்திருக்கிறேன். 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, நாலு டயரிலும் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு) தேய்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை மதுரை, மாதம் இரண்டு ஞாயிறு நண்பர்களோடு தனுஷ்கோடி. கொஞ்சம் விரட்டித்தான் ஓட்டுவேன். வண்டியோடு வந்த சைஸ் 195/55 ஆர்16. கடைக்காரர் 17 அங்குல அலாய் சக்கரமும் 205/45 ஸ்போர்ட் டயரும் போட்டால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்கிறார். துபாயில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்), அங்கிருந்து நாலு டயர் அனுப்பவா என்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: தம்பி, இரண்டையும் செய்ய வேண்டாம். வண்டியோடு வந்த அதே 195/55 ஆர்16 சைஸில், மழையில் நன்றாகப் பிடிக்கும் டயராக, சமீபத்தில் தயாரானதாக நாலு வாங்குங்கள். காரணம் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் திரும்பத் திரும்பப் பேசுவார், உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த 17 அங்குலம். டயரில் எழுதியிருக்கும் 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். கணக்குப் போட்டால் இப்போது உங்கள் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் சுமார் 107 மில்லிமீட்டர் ரப்பர் நிற்கிறது. 205/45 ஆர்17 போட்டால் அது 92 ஆகிவிடும். சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கடைக்காரர் அதை மட்டும் பெருமையாகச் சொல்லுவார். போன 15 மில்லிமீட்டரைப் பற்றிப் பேச மாட்டார். அந்த 15 மில்லிமீட்டர்தான் பாம்பன் பாலத்து இணைப்புகளில் தடதடவென்று ஏறி இறங்கும்போதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் இருட்டில் ஏறும்போதும் ரிம்மைக் காப்பாற்றுவது. அது குறைந்தால் ரிம் வளையும், இல்லையென்றால் பக்கச்சுவரின் உள்ளே நூல் அறுந்து முட்டை மாதிரி புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியமே கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சரி, கவ்விப் பிடிப்பது? அதற்கு வருகிறேன். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் திறந்த அந்த ரோடு இருக்கிறதே, இரண்டு பக்கமும் கடல், காற்று அடித்தால் மணல் ரோட்டுக்கு வந்துவிடும். தார் மேல் உலர்ந்த மணல் ஒரு பூச்சுப் பூசினாற்போல் கிடக்கும்போது உங்கள் டயர் தொடுவது தாரை இல்லை, மணலை. ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கோலிக்குண்டு மாதிரி உருளும். அங்கே விலை உயர்ந்த ஸ்போர்ட் டயரும் வழுக்கும், சாதா டயரும் வழுக்கும். நம் தனுஷ்கோடி ரோட்டில் டயர் காசு கொடுத்து பிடிப்பு வாங்க முடியாது தம்பி, வேகத்தைக் குறைத்துத்தான் வாங்க முடியும். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

டயர் உண்மையில் வேலை செய்யும் இடம் மழை. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்துவிட்டு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும், ரோடு பள்ளமான இடத்தில் எல்லாம் தண்ணீர் நிற்கும். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலையில் 100-இல் வந்து பழகிய கால், அப்புறமும் அதே அழுத்தில் இருக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளாவிட்டால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிடும். ஸ்டீயரிங் லேசாகிப் போவது கையிலேயே தெரியும். அகலமான டயர் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், அதனால் அது சீக்கிரம் மிதக்கும். காற்று குறைவாக இருந்தாலும் சீக்கிரம் மிதக்கும். தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளத்துக்குள் சின்னத் திட்டு மாதிரி ஒரு குறுக்குக் கட்டை இருக்கும், பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த நிலை வரும் வரை காத்திருக்காதீர்கள், மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, ராமநாதபுரத்துக்காரனுக்கு மட்டும் புரிவது: சீமைக் கருவேல முள். விறகு ஏற்றிய லாரி போன ரோட்டில் முள் சிந்திக் கிடக்கும். ரப்பர் மிருதுவாக ஆக ஆக முள் எளிதாக இறங்கும். ரேஸ் ஓட்டும் அளவுக்கு மிருதுவான டயரைப் போட்டுக்கொண்டு ஏர்வாடி பக்கம் போனால் மாதம் ஒரு பஞ்சர் உறுதி. முள் உள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியில் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும், காற்று உடனே இறங்காது, மூன்று நாளில் 33 பிஎஸ்ஐ இருந்தது 26 ஆகியிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கடுகு அளவு குமிழி ஒன்று வந்து வந்து உடையும். பட்டன் பகுதியில் என்றால் உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டு ஓட்டலாம். பக்கச்சுவரில் என்றால் ஒட்டவே கூடாது, யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும்.

அப்போ எதை வாங்குவது? மிஷ்லின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா, யோகோஹாமா அட்வான் என்று நீங்கள் வீடியோவில் பார்க்கும் பெயர்கள் பெரும்பாலும் 17, 18 அங்குல ரிம்களுக்கே வருகின்றன. உங்கள் சைஸில் கடையில் கிடைப்பது அநேகமாக அதற்கு ஒரு படி கீழே உள்ள டயர்தான். கவலை வேண்டாம், உங்கள் வண்டிக்கும் நம் ரோட்டுக்கும் அது போதும். பக்கச்சுவரில் ‘ஸ்போர்ட்’ என்று எழுதியிருப்பதற்கு எந்தச் சட்ட அர்த்தமும் கிடையாது, யாரும் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் 87வி. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் கட்டுமானம். நீங்கள் 240-இல் போகப் போவதில்லை, ஆனால் அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்கிறது, நம் ஊர் வெயிலில் அது முக்கியம். அதைவிடக் குறைந்த வேகத்துக்கான எழுத்துள்ள டயரைத் தள்ளுபடி என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அப்புறம் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். 200 என்றால் மிருது, சீக்கிரம் தேயும். 400 என்றால் கடினம், நாள் வரும். ஒரே கம்பெனி டயர்களுக்குள் ஒப்பிட மட்டும் அது உதவும். உங்களுக்கு 300-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

மழைப் பிடிப்புக்கு மதிப்பெண் எங்கே என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரிலும் ஏ, பி, சி என்று தரம் ஒட்டி விற்கிறார்கள். இங்கேயும் ஈரத் தரையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் மூன்றுக்கும் விதி வந்துவிட்டது, 2022-இல் அறிவிப்பு வெளியானது. ஆனால் தேர்ச்சி பெற்றதா இல்லையா என்பதோடு முடிந்தது. எவ்வளவு வாங்கித் தேர்ச்சி பெற்றது என்று வாங்குகிறவனுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. டியூப்லைட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒரு குடும்பத்தின் உயிரைத் தாங்கும் நாலு டயருக்கு மழையில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒட்டியே ஆக வேண்டும் எனக் கட்டாயமாக்கத் தெரியவில்லை. கோபம் வருகிறது எனக்கு.

இப்போது நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது: தேதி. டயரின் பக்கத்தில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரம். இந்த முழு வரிசை பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உள்ளே போகிற மாதிரி மாட்டிவிட்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. எனக்கே ஒரு கடையில் இப்படிச் செய்தார்கள். மூன்று டயர் புதுசு, ஒன்று நாலு வருஷம் பழசு, தேதி உள்பக்கம். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிய அன்றைக்குத்தான் பார்த்தேன், பில்லில் நாலுக்கும் ஒரே விலை. அதனால் டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே நாலையும் உருட்டி, நாலு தேதியையும் போனில் படம் எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் பழசு வேண்டாம் என்பது என் விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சைஸில் வி எழுத்தோடு புதுத் தேதி எப்போதும் கிடைப்பதில்லை. ஒரு வருஷம் வரைக்கும் ஆன டயரை வாங்கலாம், ஆனால் எங்கே வைத்திருந்தார்கள் என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான். தகரக் கொட்டகை குடோன் என்றால் வேண்டாம், சித்திரை வைகாசியில் அதற்குள் மனிதன் நிற்க முடியாது, ரப்பர் என்ன ஆகும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்தால் வேண்டாம். பக்கத்தில் வெல்டிங் பட்டறை, ஜெனரேட்டர் இருந்தால் வேண்டாம், அங்கே வரும் ஓசோன் காற்று ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். கான்கிரீட் கூரை, இருட்டு அறை, நிறுத்தி வைத்த டயர், பக்கச்சுவரை மடக்கிப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகூட இல்லை என்றால் மட்டும் ஒரு வருஷப் பழசை வாங்குங்கள். அதுவும் நாலும் ஒரே வருஷமாக இருந்தால்தான். அதுவும் விலையைக் குறைத்தால்தான். ஒரு வருஷம் இரண்டு மாதம்தானே ஆகிறது என்று பேரம் பேசினால், வேண்டாம், விலக்குக்கு விலக்கு கிடையாது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது: அரக்கோணத்தில் எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே என்று டயர் தமிழ்நாட்டிலேயே தயாராகிறது. அங்கிருந்து லாரி ஏறினால் ஒரு ராத்திரியில் ராமநாதபுரம். ஆனாலும் பெரிய ஊரில் போகாமல் தங்கியதை எல்லாம் கடைசியில் நம் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், இங்கே யார் தேதி பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

இதைவிட மோசம் ‘புது வண்டியிலிருந்து கழற்றியது, பாதி விலை’ என்று ஒரு தரகர் போன் செய்வது. சில உண்மையாக இருக்கும். பல, மொட்டையாகப் போன டயரில் சூடான பிளேடால் கோடு கிழித்து, கறுப்பு பாலிஷ் தடவியது. விரலைப் பள்ளத்துக்குள் விட்டுப் பாருங்கள். கம்பெனி அச்சில் வந்த பள்ளத்தின் அடி வழவழப்பாக, ஓரம் சற்று வளைந்து இருக்கும். கிழித்த பள்ளம் கூர்மையாகக் கையை உரசும், நான் சொன்ன அந்தக் குறுக்குக் கட்டை அங்கே இருக்காது, வெட்டுப்பட்டிருக்கும். இன்னும் ஆழமாகக் கிழித்திருந்தால் நூல் தெரியும். அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகாதீர்கள்.

துபாய் டயர் பற்றி. காக்காவின் அன்பு புரிகிறது. ஆனால் 2020 ஜூனில் இருந்து கார் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, உரிமம் வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். துறைமுகத்தில் நின்றுவிட்டால் காசும் போகும், அலைச்சல்தான் மிஞ்சும். ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று ஒரு ஏஜென்ட் வருவார், அவரை நம்ப வேண்டாம். அப்படியே வந்து சேர்ந்தாலும் இங்கே எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பழைய விலைப்பட்டியலைக் காட்டி விற்றால் கேள்வி கேளுங்கள். பில் இல்லாவிட்டால் இரண்டாயிரம் குறைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், டயர் புடைத்தால் கையில் காகிதம் வேண்டும். நைட்ரஜன் வேண்டாம், சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காலையில் வண்டி எடுக்கும் முன், சூடேறாத டயரில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று பாருங்கள்.

கடைசியாக, டயர் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மில் டயரின் உதடு உட்காரும் விளிம்பைப் பாருங்கள். நம் கடலோர வண்டிகளில் அங்கே வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி மாவு மாவாக இருக்கும். உப்புக் காற்றில் அலுமினியம் அரித்தது அது. அதன் மேல் அப்படியே புது டயரை ஏற்றினால் காற்று மெல்ல மெல்லக் கசியும், நீங்கள் முள் தேடிக்கொண்டு இருப்பீர்கள். பையனிடம் சொல்லி, கம்பி பிரஷால் தேய்த்து விளிம்பைச் சுத்தமாக்கி, பீட் சீலர் (விளிம்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பசை) தடவி, வால்வையும் புதிதாகப் போட்டு, அப்புறம் ஏற்றச் சொல்லுங்கள். ரிம் ஒன்றுக்கு பத்து நிமிஷம் ஆகும். அவசரப்படுத்தினால் நீங்களே பிரஷை வாங்கித் தேயுங்கள் தம்பி.